பொதியும் பெயரும்: சயாம் இரயில்பாதை தரும் பாடம்



போர் நிகழும் அயல்நாடொன்றில் நம்மவர் ஒருவர் பணிபுரிகின்றார். அவருக்கு என்ன அனுப்புவது, எவ்வாறு அனுப்புவது என்பது இன்றைய குடும்பங்களின் கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்கோ இக்கேள்வி எண்பது ஆண்டுப் பழைமை உடையது. 1943-ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கின் தோட்டங்களிலிருந்தும் மலாயாவின் பிற பகுதிகளிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுக்கு அனுப்ப வேண்டியவை பல இருந்தன. அனுப்பும் வழி ஒன்றேனும் இருக்கவில்லை. அவ்வழி ஏன் இல்லாமற் போயிற்று என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். நாம் மொழியியல் துறையைச் சார்ந்தவராதலின், சொல்லிலிருந்தே தொடங்குகின்றோம்.

1. கொண்டு செல்வதும் அனுப்புவதும்

வழிச்செல்வோர் கொண்டுபோகும் உணவைக் குறிக்கத் தமிழில் சொல்வளம் மிகுதி. ‘ஆற்றுணா’ என்பது அவற்றுள் ஒன்று. ஆறு என்பது வழி, உணா என்பது உணவு. கற்றறிந்தவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆதலால் அவர்க்கு ஆற்றுணா வேண்டியதில்லை என்னும் கருத்து பழமொழி நானூற்றில் வருகின்றது. நாலடியார் ‘தோட்கோப்பு’ என்னும் சொல்லை ஆளுகின்றது. இறுதிப் பயணத்திற்கு உதவும் அறத்தை அது தோளிற் கொண்டு செல்லும் கட்டுணவாகக் காட்டுகின்றது. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் தளர்ந்த அப்பரடிகளுக்கு இறைவன் பொதிசோறு அளித்ததைப் பெரியபுராணம் கூறும். கட்டுச்சோறும் கட்டமுதும் இன்றும் வழக்கில் உள்ளன.

இச்சொற்கள் யாவற்றிற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வழிச்செல்வோன் தானே சுமந்து செல்லும் உணவையோ, அவன் கையிலே நேரிற் கொடுக்கும் உணவையோ அவை குறிக்கின்றன. தொலைவில் இருப்பவர்க்குப் பிறர் கைவழியே அனுப்புவதைக் குறிக்க நாம் இயல்பாக ஆளும் சொல் ‘பார்சல்’. அஞ்சலும் இரயிலும் வந்தபோது உடன்வந்த சொல் அது. கடையில் உணவைக் கட்டித் தரச் சொல்லும்போது நம் மாணவர்கள் ‘புங்குஸ்’ என்னும் மலாய்ச் சொல்லையும் இயல்பாக ஆளுகின்றனர். அதுவும் கையில் வாங்கிச் செல்வதே. அனுப்பும் பொதிக்குச் சோறும் இலையும் கயிறும் மட்டும் போதா. கொண்டு செல்வோர் வேண்டும். செல்ல வழி வேண்டும். பெறுவோரின் பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இம்மூன்றும் தனிமனிதர் ஆக்கத்தக்கவை அல்ல, அமைப்புகளே ஆக்கத்தக்கவை.

2. 1914-ஆம் ஆண்டின் பித்தளைப் பேழை

அமைப்பு ஒன்று முன்னின்றால் எத்துணை நுட்பமாகப் பொதி செய்ய இயலும் என்பதற்கு முதல் உலகப்போர்க் காலத்துச் சான்று ஒன்றைக் காட்டலாம். 1914-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் மகள் இளவரசி மேரியின் பெயரால் நிதி திரட்டப்பட்டது. போர்முனையில் இருந்தோர்க்குக் கிறித்துமசு நாளை ஒட்டிச் சிறு பித்தளைப் பேழை ஒன்று வழங்குவது அதன் நோக்கம். புகைப்போர்க்குப் புகையிலையும் வெண்சுருட்டும் அளிக்கப்பட்டன. புகையாதார்க்குப் புளிப்பு மிட்டாயும், பென்சிலும் தாளும் உறையும் அடங்கிய எழுதுபையும் அளிக்கப்பட்டன. சீக்கியர்க்குப் புகையிலை விலக்கு ஆதலால் கற்கண்டும் நறுமணப் பொருள்கள் அடங்கிய தகரப் பெட்டியும் தந்தனர். பிற இந்தியப் படைவீரர்க்கு வெண்சுருட்டு, கற்கண்டு, நறுமணப் பொருள்கள் ஆகிய மூன்றையும் தந்தனர். தண்ணீர் சுமக்கும் பிஸ்திகளுக்கும் நறுமணப் பெட்டி கிடைத்தது.

இதில் நாம் கருதத்தக்கவை இரண்டு. பெறுவோர் யார், அவர் எதை உண்பார், எதை விலக்குவார் என்பதை அறிந்து பொதி செய்யப்பட்டது. அவ்வாறு அறிதற்கு ஒவ்வொரு படைவீரரின் பெயரும் படைப்பிரிவின் பட்டியலில் இருந்தது. பேரரசின் போருக்கு ஆள் தேவைப்பட்டமையால் அப்பட்டியல் எழுதப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

3. சயாமுக்குச் சென்ற வண்டிகள்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் அதன் வசமாயிற்று. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. கித்தா ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் கூலியும் அருகின. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று, சாக்குத்துணி ஆடையாயிற்று.

அதே ஆண்டின் நடுப்பகுதியில் சயாமின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தன்பியூசயாத்தையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதை வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இருமுனைத் தண்டவாளங்களும் இணைந்தன. அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களினும் பன்மடங்கினரான ஆசியத் தொழிலாளரும் அதில் உழைத்தனர். மலாயாவிலிருந்து சென்றோர் எழுபதாயிரத்தைத் தாண்டுவர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். மூன்று திங்கள் வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தனர். பின்னர் வலிந்து பிடித்தனர். இலவசப் படக்காட்சிக்கு அழைத்து வளைத்துக்கொண்டதும் உண்டு. மனைவி மக்களோடு சென்றவர்களும் இருந்தனர். சரக்கு வண்டிகளில் அடைத்துப் பான்போங்கில் இறக்கினர். அங்கிருந்து காட்டுவழியே நடத்திச் சென்றனர்.

அவர்கள் கையிற் கொண்டு சென்றதே அவர்களுக்குக் கிடைத்த முதலும் இறுதியுமான பொதி. மழைக்காடு, காலில் செருப்பில்லை, மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் புண்ணும் வாட்டின. 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. கொயினா மாத்திரை, கொசுவலை, உப்பு, காலணி, காய்ச்சிய நீர் வைக்கும் கலம் ஆகிய எளிய பொருள்களே உயிர் காத்திருக்கும். அவற்றை அனுப்ப வேண்டிய குடும்பங்களோ தோட்டத்து லயங்களில், சென்றவர் எம்முகாமில் உள்ளார் என்பதையும் அறியாது காத்திருந்தன.

அதே 1943-ஆம் ஆண்டில் இதே கோலாலம்பூரிலிருந்து வேறொரு பயணமும் நிகழ்ந்தது. சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்றுத் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். பெண்கள் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் ஜான்சி ராணிப் படையில் இணைந்து பர்மா வரை சென்றார். சயாம் வேலைக்குத் தப்புவதற்காகவே அவ்விராணுவத்திற் சேர்ந்த தொழிலாளரும் உண்டு. படையிற் சேர்ந்தவருக்குப் பெயர்ப்பதிவும் பிரிவும் இருந்தன. அவருக்காகக் கொடுப்பவர் பொருளைக் கொண்டு சேர்க்க ஓர் அமைப்பும் இருந்தது. சயாமுக்குச் சென்றவருக்கு அவற்றுள் எதுவும் இல்லை.

4. பட்டியல் இருந்தோரும் இல்லாதோரும்

போர்க்கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். போர்க்கைதிகள் அஞ்சல்வழி உணவும் உடையும் பெறலாம் என்று 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் வகுத்தது. ஐரோப்பாவில் இருந்த கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் கோடிக்கணக்கான பொதிகளை அனுப்பியது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள அப்பொதியில் தேயிலை, சீனி, கெட்டிப்பால், தகரத்தில் அடைத்த இறைச்சி, பிஸ்கட், சவர்க்காரம் முதலியன இருந்தன. ஜப்பான் அவ்வொப்பந்தத்திற் கையொப்பமிட்டும் அதனை உறுதிசெய்யவில்லை. ஆதலால் சயாமில் இருந்த கைதிகளுக்குக் கிடைத்த பொதிகள் மிகச் சில.

ஆயினும் கைதிகளுக்கு வேறொரு வழி திறந்தது. காஞ்சனபுரியில் கடை நடத்திய தாய்லாந்து வணிகர் பூன்போங், முகாம்களுக்குக் காய்கறியும் முட்டையும் விற்கும் உரிமை பெற்றிருந்தார். அப்பொருள்களின் இடையே மருந்தையும் பணத்தையும் மறைத்துக் கொண்டுசேர்த்தார். தம் உயிரையும் குடும்பத்தையும் பணயம் வைத்து அவர் செய்த உதவி அது. அதனைப் பெற்றுப் பங்கிட முகாமில் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். யார் நோயாளி, யாருக்கு எவ்வளவு என்னும் கணக்கும் இருந்தது. தொழிலாளர் முகாம்களிலோ அத்தகைய ஒழுங்கமைப்பு இல்லை. நோயாளியைப் பார்க்க மருத்துவரும் அரிது. சாங்கிச் சிறைமுகாமிலிருந்து கே, எல் என்னும் இரு மருத்துவக் குழுக்களை 1943-இல் ஜப்பானியர் அனுப்பினர். அவர்களிடம் மருந்து சிறிதளவே இருந்தது. அதற்குள் நோயும் முற்றிவிட்டது.

போருக்குப் பின்னும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. இறந்த போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகள் கல்லும் பெயருமாக உறங்குகின்றனர். ஆசியத் தொழிலாளரின் இறப்பைத் தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடுவர்; அது மதிப்பீடு மட்டுமே. எண்ணி எழுதப்படாதவர்களை இறந்த பின்னரும் எண்ண இயலவில்லை. மலேசியத் தமிழ் இலக்கியம் அவ்வெறுமையை ஓரளவு நிரப்பியது, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் அப்பணியைச் செய்தன.

5. இன்று பொதி செய்வோர்க்கு

மலேசிய அமைதிப்படை 1960-ஆம் ஆண்டிற் கொங்கோவுக்குச் சென்றது. பின்னர்ச் சோமாலியாவிலும் போஸ்னியாவிலும் பணியாற்றியது. 2007-இல் தென்லெபனானிலும் பணியைத் தொடங்கியது. கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1999-இல் தோன்றிய மெர்சி மலேசியாவின் தொண்டர்களும் போர்நிலங்களுக்குச் செல்கின்றனர். அத்தகையோர்க்குப் பொதி அனுப்பும் குடும்பங்களுக்கு மேற்கண்ட வரலாறு சில தெளிவுகளைத் தருகின்றது.

முதலாவது, பெறுவோரைக் கேட்டறிந்து அனுப்புதல். நமக்கு இனியது வேறு. அவர்க்குப் பயன்படுவது வேறு. இரண்டாவது, உடலைக் காப்பவற்றை முன்வைத்தல். நல்ல காலுறை, பாதப்புண்ணுக்குப் பூசுமருந்து, உதட்டுக்களிம்பு, ஈரத்துடைப்புத் தாள், சிறு கைவிளக்கு ஆகியவை எடையிற் குறைந்து பயனில் மிகுந்தவை. மூன்றாவது, 1914-இல் கண்ட நறுமணப் பெட்டியை நினைவிற் கொள்ளுதல். பருப்புப்பொடி, காரப்பொடி, உலர்ந்த நெத்திலி, தைலப்புட்டி ஆகியன அயல்நாட்டுச் சோற்றையும் நம் சோறாக்கும். ஊறுகாயாயின் கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்து, கசியாத பையில் இருமுறை கட்டுதல் நலம். நான்காவது, பங்கிட்டு உண்ணத்தக்கவற்றைச் சேர்த்தல். முகாமில் தனியே உண்பார் இல்லை. ஐந்தாவது, மறுமொழி எழுதத் தாளும் எழுதுகோலும் வைத்தல். தொலைத்தொடர்பு அறுந்த நாளில் அவை உதவும். ஆறாவது, அஞ்சலும் சேரும் நாடும் விலக்கியவற்றை அறிந்து நீக்குதல். மின்கலம், அழுத்தக் குப்பி, மருந்து ஆகியவற்றிற்குத் தனிவிதிகள் உண்டு.

இவை யாவற்றினும் முதன்மையானது பெயர். பெறுவோரின் பெயர், பணி எண், பிரிவு, அனுப்புநர் முகவரி, உள்ளிருக்கும் பொருட்பட்டியல் ஆகியவற்றை அழியா மையில் எழுதி, அதன் படி ஒன்றைப் பொதியின் உள்ளேயும் வைத்தல் வேண்டும். மேலுறை கிழிந்தாலும் பொதி வழிதவறாது.

6. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பணி

வீரர்க்குக் கல்நாட்டும் மரபைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக வகுத்துரைக்கின்றது. நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் பொறிப்பது பழந்தமிழர் வழக்கு. காஞ்சனபுரியில் நம்மவர் நினைவாக இன்று ஒரு நடுகல் நிற்கின்றது. அதிற் பொறிக்க வேண்டிய பெயர்களோ இன்னும் பெரும்பாலும் நம் குடும்பங்களின் நினைவிலேயே உள்ளன.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், காப்பார், பந்திங் ஆகிய வட்டாரப் பள்ளி மாணவர்கள் தம் பாட்டனாரை, பாட்டியாரைக் கேட்கட்டும். சயாமுக்குச் சென்றவர் எவர்? எத்தோட்டத்திலிருந்து சென்றார்? எவரோடு சென்றார்? திரும்பி வந்தாரா? இந்நான்கு வினாக்களின் விடையை ஒரு தாளில் எழுதி, நாளும் சொன்னவர் பெயரும் குறித்து, பள்ளி நூலகத்திற் சேர்த்துவைக்க ஆசிரியர்கள் துணைநிற்க வேண்டுகின்றோம். சொல்லத்தக்க மூத்தோர் அருகி வருகின்றனர். ஆகவே இப்பணியை இவ்வாண்டிலேயே தொடங்குதல் வேண்டும்.