வரி பாக்கியைத் தீர்த்த சீட்டு

1932 ஜூலையில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்துச் சிற்றூரான வோர்கல் தன் பெயரில் சீட்டு அச்சிட்டு, அதையே கூலியாகக் கொடுக்கத் தொடங்கியது. உள்ளூர் நாணயத்தின் ஆதரவாளர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டும் சோதனை இது. அவர்கள் வியப்பது சீட்டின் தேய்மானத்தை: வைத்திருப்பவர் மாதந்தோறும் அதன் மதிப்பில் 1 சதவீதத்துக்கு வில்லை வாங்கி ஒட்டவேண்டும். பதுக்கினால் நட்டம், ஆகவே பணம் ஓடும் என்பது சில்வியோ கெசெலின் கோட்பாடு. நகராட்சித் தலைவர் மிக்கேல் உன்டர்குக்கன்பெர்கர் அதில் நம்பிக்கை உள்ளவர். வில்லைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் சீட்டை அதைவிட அதிகம் ஓடவைத்தது நகராட்சியின் வரி வசூல் மேசை என்றே எனக்குப் படுகிறது.

பெருமந்தத்தில் ஊரில் வேலையில்லை, வரி பாக்கியோ குவிந்து கிடந்தது. அந்த நிலையில் சாலை போடவும் பாலம் கட்டவும் ஆள் அமர்த்தி, கூலியைச் சீட்டாகக் கொடுத்தார்கள். தொழிலாளி கடையில் கொடுத்த சீட்டைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அதைக் கொண்டே நகராட்சிக்குப் பாக்கியை அடைக்கலாமே! திரும்பி வந்த சீட்டு மறுபடி கூலியாயிற்று. முப்பதாயிரம் ஷில்லிங்குக்கு மேல் அச்சிட்டிருந்தும் புழக்கத்தில் இருந்தது சில ஆயிரந்தான். அந்தச் சிறு தொகையே அத்தனை வேலையையும் முடித்திருக்கிறது.

சீட்டுக்கு ஈடாக வங்கியில் வைத்த ஷில்லிங்கையே நேராகச் செலவழித்திருக்கலாமே என்று கேட்கலாம். ஷில்லிங் வெளியூர் போய்விடும், அல்லது பெட்டியில் முடங்கும். சீட்டு அந்த வட்டாரத்தைத் தாண்டாது. ஷில்லிங்காக மாற்றினால் 2 சதவீதம் பிடித்தம் வேறு. இன்னோர் ஆட்சேபம் கனமானது: பழைய பாக்கி தீர்ந்ததும் இந்த வேகமும் தீர்ந்திருக்கும். இருக்கலாம். நோட்டு வெளியிடும் உரிமை தனக்கு மட்டுமே என்று ஆஸ்திரியத் தேசிய வங்கி தடுக்க, 1933 செப்டம்பரில் சோதனையே நின்றுவிட்டது.

வரிக்கு ஏற்றால் மட்டும் போதுமென்றால், இங்கிலாந்தில் 2012-இல் பிறந்த பிரிஸ்டல் பவுண்டு நிலைத்திருக்கவேண்டும். நகராட்சி அதை வரியாக வாங்கிக்கொண்டது; மேயர் ஜார்ஜ் ஃபெர்குசன் தம் சம்பளத்தையே அதில் பெற்றார். ஆனாலும் அது பத்தாண்டு தாங்கவில்லை. அந்தப் பவுண்டு யாருக்கும் புதிதாக வேலை கொடுத்து வெளியே வந்ததில்லை. ஊர்ப்பற்று உள்ளவர்கள் நல்ல ஸ்டெர்லிங்கைக் கொடுத்து அதை வாங்கினார்கள், அட்டையை நீட்டினாலே முடிகிற காரியத்துக்கு. வோர்கலில் வேலையற்றிருந்தவருக்கோ அந்தச் சீட்டுதான் கூலி.