கறுப்பினத்தவருக்கு மட்டும் தனிக் கணக்கா? அமெரிக்காவில் கிட்னி டெஸ்ட் மாறியது ஏன்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'கிரியாட்டினின்' என்ற வார்த்தையைப் பலரும் பார்த்திருப்போம். அதே கிரியாட்டினின், அதே வயது. ஆனாலும் அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு ஒரு ரிசல்ட், மற்றவர்களுக்கு வேறு ரிசல்ட். பல ஆண்டுகள் இதுதான் நடைமுறை. ஏன் அப்படி? எப்படி மாறியது? பார்க்கலாம்.

இஜிஎஃப்ஆர் என்றால் என்ன?

சிறுநீரகம் எந்த அளவுக்கு ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதைச் சொல்லும் மதிப்பீடுதான் இஜிஎஃப்ஆர். கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம் என்று அர்த்தம்.

இனம் எப்படி உள்ளே வந்தது?

1999ல் வந்த எம்டிஆர்டி ஃபார்முலாவில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை சுமார் 1.2ஆல் பெருக்க வேண்டும். 2009ல் வந்த அடுத்த ஃபார்முலாவில் இது 1.159. ஆய்வில் பங்கேற்ற கறுப்பினத்தவருக்கு கிரியாட்டினின் சற்று அதிகமாக இருந்ததே காரணம். தசை அதிகம் என்பதால்தான் இப்படி என்றும் விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால், இனம் என்பது சமூக அடையாளம், உடலின் அளவுகோல் அல்ல என்று டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் எதிர்த்தார்கள். அப்பா கறுப்பினம், அம்மா வெள்ளையினம் என்றால் எந்தக் கணக்கு?

என்ன பாதிப்பு?

அங்கே இஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே போனால், அல்லது டயாலிசிஸ் தொடங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படும். ஒருவருக்கு 18 என்று வைத்துக்கொள்வோம். 1.159ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 21. அவ்வளவுதான், காத்திருப்புக் கணக்கே தொடங்காது!

என்ன மாறியது?

2021 செப்டம்பரில், தேசிய கிட்னி அறக்கட்டளையும் அமெரிக்க நெஃப்ராலஜி சங்கமும் சேர்ந்து அமைத்த குழு, இனம் இல்லாத ஃபார்முலாவைப் பரிந்துரைத்தது. 2022ல் உறுப்பு மாற்று அமைப்பு, இனம் சேர்த்த கணக்குக்குத் தடை போட்டது.

முக்கியமானது அடுத்த நடவடிக்கை. ஏற்கனவே பட்டியலில் இருந்த கறுப்பின நோயாளிகள் இழந்த காலத்தையும் திருப்பித் தர வேண்டும் என 2023 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2024க்குள் 14,000க்கும் மேற்பட்டோருக்குக் காத்திருப்புக் காலம் சராசரியாக 2 ஆண்டுகள் கூட்டித் தரப்பட்டது. பலர் பட்டியலில் முன்னேறினார்கள்.

பிரச்னை தீர்ந்துவிட்டதா?

இல்லை. வெள்ளையினத்தவரைவிட கறுப்பினத்தவருக்கு அங்கே கிட்னி செயலிழப்பு சுமார் 3 மடங்குக்கும் மேல் அதிகம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்துக்கு ஆரம்பத்திலேயே சிகிச்சை கிடைக்காததும் முக்கியக் காரணம். ஃபார்முலா மாறிவிட்டது, அந்த இடைவெளி இன்னும் மறையவில்லை.