ஆய்வகக் காற்றில் பாதரச ஆவி

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வேதியியல் ஆய்வகக் காற்றில் கலக்கும் நஞ்சுகளில் இது மிக வஞ்சகமானது.

போரான் ஹைட்ரைடுகளை ஆராய்ந்த ஜெர்மன் வேதியியலர் ஆல்ஃபிரெட் ஸ்டாக் (1876–1946), பாதரச வால்வுகள் பொருத்திய வெற்றிடக் கருவிகளோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தார். தலைவலி, தலைசுற்றல் வந்தன. எல்லாவற்றையும்விடக் கொடுமையாக, நினைவாற்றலும் மங்கியது. காரணம் 1924இல்தான் தெரிந்தது: ஆய்வகக் காற்றில் கலந்திருந்த பாதரச ஆவி. 1926இல் தம் துன்பத்தையே சான்றாக்கி எச்சரிக்கைக் கட்டுரை வெளியிட்டார். அந்தத் துணிவு போற்றத்தக்கது.

20 டிகிரி செல்சியஸில் பாதரச ஆவி செறிந்த காற்றில், கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் இருக்கும். 8 மணி நேரப் பணிக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது 0.02 மில்லிகிராம்தான்.

சிந்திய பாதரசத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. துளிகள் சிதறி, ஆவி இன்னும் பெருகும்.