மூச்சுக்கு வழி திறந்த கைகள்

நெஞ்சில் சளி கட்டிய குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுக்கும் தாயாரை நாம் கண்டிருக்கிறோம். சளி அகன்றாலன்றி மூச்சு இறங்காது என்பதை அவர்கள் அறிவர். நோயாளியைத் தலை தாழக் கிடத்திச் சளியை வடியச்செய்யும் முறையை, 1901-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் யூவர்ட் மருத்துவ ஏட்டில் எழுதினார். ஆயினும் வழியைத் துப்புரவாக்குவதன் அருமையை மருத்துவ உலகம் நன்குணர்ந்தது, 1952-இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில்தான்.

அவ்வாண்டுக் கோடையில் இளம்பிள்ளை வாதம் அந்நகரைப் பற்றியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு ஒரே நாளில் ஐம்பது பேர் வரை வரலாயினர். பலருக்கு மூச்சுத் தசைகளோடு தொண்டையும் செயலற்றுப்போயிற்று. விழுங்கவும் இருமவும் இயலாமையால் உமிழ்நீரும் சளியும் மூச்சுக்குழலில் இறங்கித் தேங்கின. நோயாளியைக் கழுத்துவரை உள்ளே வைத்து மார்பை விரியச்செய்யும் 'இரும்பு நுரையீரல்' அங்கு ஒன்றே இருந்தது. மார்பைக் கவ்வும் சிறு கருவிகள் ஆறு. இன்னும் நூறு கருவிகள் இருந்திருப்பினும் பயன் சிறிதே என்பது நம் கருத்து. அடைபட்ட வழியில் காற்று எங்ஙனம் செல்லும்? முதல் மூன்று வாரங்களில் அக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

தலைமை மருத்துவர் லாசன், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சனை அழைத்தார். நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தோர் அதில் காரம் மிகுந்ததென எண்ணியிருந்தனர். வெளியேற வழியின்றித் தேங்கிய கரியமில வாயுவே அது என்றார் இப்சன்.

ஆகஸ்டு 27. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி உயிர் பிரியும் தறுவாயில் இருந்தாள். குரல்வளைக்குக் கீழே துளையிட்டு ரப்பர்க் குழாய் செருகிச் சளியை உறிஞ்சியெடுத்தனர். அப்போதும் காற்று இறங்கவில்லை. சிறுமி திணறிப் போராடினாள். பார்த்துநின்ற மருத்துவர் சிலர் நம்பிக்கையிழந்து அகன்றனர். இப்சன் மயக்க மருந்து செலுத்தினார். போராட்டம் அடங்கிற்று. பிராண வாயு நிறைந்த ரப்பர்ப் பையை அவர் அமுக்க அமுக்க, மார்பு உயர்ந்து தாழ்ந்தது!

பையை அமுக்க இயந்திரம் ஏது? ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து அமர்ந்து, இரவும் பகலும் கையால் அமுக்கினர். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை இவ்வாறு பிறர் கையால் மூச்சு விட்டனர். இடையிடையே சளியை உறிஞ்சுவதும், உடலைப் புரட்டிக் கிடத்துவதும் ஓயாத வேலை. பையை அமுக்கியதையே பலரும் புகழ்கின்றனர். இவ்வேலையைப் பேசுவோர் குறைவு. இரண்டும் சேர்ந்தே நூற்றுக்கு 87-ஆக இருந்த மரணத்தை ஏறத்தாழ 40-க்கும், பின்னர் அதற்குக் கீழும் இறக்கின.

அச்சிறுமி பிழைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தாள். 1953-இல் இப்சன் அந்நகரின் வேறொரு மருத்துவமனையில், மூச்சுத் தளர்ந்தோரை இடையறாது கண்காணிக்கும் தனிக்கூடம் ஒன்றைத் திறந்தார்.