பதினாறு நாள் பாக்கி

கனடா தேசத்து மந்திரி ஒருவர் தம் வீட்டு நாய்க்கு 'கியோட்டோ' என்று பெயர் வைத்தார். ஸ்டெஃபான் டியோன் என்பது அவர் பெயர். அரசியலுக்கு வருமுன் மாண்ட்ரீல் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். சுற்றுச்சூழல் இலாகா அவரிடம் இருந்தது. ஜப்பானில் உள்ள ஒரு பழைய நகரத்தின் பெயரை நாய்க்கு வைப்பானேன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்த நகரத்தில் ஏற்கப்பட்ட ஓர் உடன்படிக்கையின் மீது மனிதருக்கு அவ்வளவு பிரியம். பிரியமானதன் பெயரைப் பிரியமான பிராணிக்கு வைத்தார், அவ்வளவுதான். நாய் என்னவோ கூப்பிட்டால் வந்திருக்கும். உடன்படிக்கை வரவில்லை.

இது நான் கற்பனை செய்த கதை அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரி ஒரு விஷயம் அகப்பட்டால் விட மனம் வருவதில்லை. பூமியின் சூடு ஏறுகிறது, அதைத் தணிக்க உலகத்து சர்க்கார்கள் வாக்குக் கொடுத்திருக்கின்றன, அந்த வாக்கைக் காப்பாற்றுவார்களா என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு ஜோசியம் தெரியாது. ஆனால் ஒரு நல்ல தேசம், நாணயமுள்ள ஜனங்கள் வாழும் தேசம், தன் வாக்கை எப்படி நழுவவிட்டது என்பதைச் சொல்ல முடியும்.

கனடா இந்த விவகாரத்தில் முதலில் நின்ற தேசம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1987 செப்டம்பரில் மாண்ட்ரீல் நகரத்தில்தான் ஓசோன் படலத்தைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் டொராண்டோவில் விஞ்ஞானிகளும் ராஜதந்திரிகளுமாக முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். கரியமில வாயுவை 2005-க்குள் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று அங்கே சொன்னபோது, உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பேச்சையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பெரிய மகாநாட்டை முன்னின்று நடத்திய மாரிஸ் ஸ்ட்ராங்கும் கனடாக்காரரே.

பிறகு கியோட்டோ வந்தது. 1997 டிசம்பர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ரெஜினா என்ற ஊரில் சமஷ்டி சர்க்காரும் மாகாண சர்க்கார்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தன: 2010 வாக்கில் 1990-ம் ஆண்டு அளவுக்குத் திரும்புவது என்று. அதற்குக் கீழே போவதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மகாநாடு தொடங்குவதற்குள் சமஷ்டி சர்க்கார் மூன்று சதவிகிதம் குறைப்பதாகச் சொல்லிவிட்டது. மகாநாடு முடிந்தபோது அது ஆறு சதவிகிதமாகி இருந்தது! பிரதம மந்திரி ஜீன் கிரெத்தியேனுக்கு அமெரிக்காவைவிட இளப்பமாகத் தோன்றக் கூடாது என்ற எண்ணம் இருந்ததாக, இதைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். அமெரிக்காவோ ஏழு சதவிகிதம் என்று கையெழுத்துப் போட்டது. போட்ட கையெழுத்தை அங்கீகரிக்கவே இல்லை. அமெரிக்க செனட் சபை அந்த ஆண்டு ஜூலையிலேயே 95-க்கு 0 என்று தன் மனத்தைக் காட்டியிருந்தது. 2001-ல் ஜனாதிபதி புஷ் ஒரேயடியாகக் கையை உதறிவிட்டார். கல்யாணத்துக்கு மொய் எழுதும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் தொகையைக் கூட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் நின்றவர் பணம் கட்டாமலே போய்விட்டார் என்பதுதான் இங்கே வேடிக்கை.

வீட்டில் என்ன நடந்தது? ஆல்பர்ட்டா மாகாணம் கொதித்தது. அங்கே அதபாஸ்கா நதிப் பிரதேசத்தில் தார் கலந்த மணல் இருக்கிறது. மணலைத் தோண்டி, வெந்நீரும் நீராவியும் விட்டு, அதிலிருந்து எண்ணெயைப் பிரிக்கிறார்கள். எண்ணெயை எரிப்பதற்கு முன்பே, எடுப்பதற்கே ஏராளமான எரிவாயு எரிந்து போகிறது. கியோட்டோவுக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் அந்தத் தொழில் மளமளவென்று வளர்ந்தது. ஒரு கையால் வாக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் 2002 டிசம்பரில் கிரெத்தியேன் உடன்படிக்கையை அங்கீகரித்துவிட்டார். எப்படிக் குறைப்பது என்ற திட்டம் அரைகுறையாக இருந்தது. அவருடைய அந்தரங்க ஆலோசகராக இருந்த எடி கோல்டன்பர்க் 2007-ல் ஒரு கூட்டத்தில் மனம் திறந்து பேசினார். நடைமுறையில் செய்ய வேண்டிய காரியங்களுக்கு அன்று தேசத்தின் பொதுஜன அபிப்பிராயம் தயாராக இருந்ததா என்பது சந்தேகமே என்ற பொருள்பட அவர் சொன்னார். ஜனங்களைத் தயார் செய்வதற்காகவே முதலில் கையெழுத்துப் போட்டதாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தயார் செய்தார்களா? 2004-ல் 'ஒரு டன் சவால்' என்று ஒரு பிரசாரம் நடந்தது. ரிக் மெர்சர் என்ற ஹாஸ்ய நடிகர் டெலிவிஷனில் தோன்றி, ஒவ்வொருவரும் தம் பங்குக்கு வருஷம் ஒரு டன் வாயுவைக் குறையுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். ஜனங்கள் சிரித்தார்கள். விளக்கை அணைத்தவர்களும் இருந்திருப்பார்கள். தார் மணலை யாரும் போய்க் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கதையில் நான் அதிகம் யோசித்துப் பார்க்கும் நாள் 2005 நவம்பர் 28. அன்று மாண்ட்ரீலில் உலக நாடுகளின் பருவநிலை மகாநாடு தொடங்குகிறது. கியோட்டோ உடன்படிக்கை அமுலுக்கு வந்த பிறகு நடக்கும் முதல் மகாநாடு. தலைமை நாற்காலியில் நம் டியோன். அதே நாள் மாலை ஒட்டாவாவில் பார்லிமெண்ட் கூடி, அவர் அங்கம் வகித்த சர்க்காரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் கவிழ்த்துவிடுகிறது! நாளை இருப்போமா என்று தெரியாத மந்திரி, ஐம்பது வருஷத்துக்கு அப்பால் நடக்கப்போவதைப் பற்றி உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். மகாநாட்டை அவர் நன்றாகவே நடத்தினார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஜனவரித் தேர்தலில் கட்சி தோற்றது. ஸ்டீவன் ஹார்ப்பர் பிரதமரானார்.

டியோன் பிற்பாடு தம் கட்சிக்குத் தலைவரானார். அந்தத் தலைமைப் போட்டியில் மேடையேறிய சக வேட்பாளர் ஒருவர், "நாம் செய்து முடிக்கவில்லையே!" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இது நியாயமில்லை என்றார் டியோன். எதை முதலில் செய்வது என்று வகுப்பது சுலபம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். எதிர்க் கட்சிக்காரர்கள் அந்தத் துண்டை வெட்டியெடுத்து விளம்பரமாகப் போட்டுப் போட்டு அவரைக் கேலிப்பொருளாக்கினார்கள். எனக்கு என்னவோ அந்தக் கேள்வி கேலிக்குரியதாகப் படவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆண்ட ஒரு சர்க்காரின் முழுச் சரித்திரமும் அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது. 2008-ல் கரி எரிப்பதற்கு வரி, வருமானத்துக்கு வரிக்குறைப்பு என்று ஒரு யோசனையைச் சொல்லி அவர் தேர்தலில் நின்றார், தோற்றார். முதல் தடவையாக விலையைச் சொல்லி வாக்குக் கேட்டவர் அவர்தான் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

புது சர்க்கார் உடன்படிக்கையை விட்டு உடனே போய்விடவில்லை. ஆண்டைத்தான் மாற்றியது. 1990-க்குக் கீழே ஆறு சதவிகிதம் என்ற பேச்சு மறைந்தது. 2006-க்குக் கீழே இருபது சதவிகிதம் என்றார்கள். பிறகு கோபன்ஹேகன் மகாநாட்டை ஒட்டி, 2005-க்குக் கீழே பதினேழு சதவிகிதம் என்றார்கள். கேட்பவர் காதுக்கு ஆறைவிடப் பதினேழு பெரிதல்லவா? ஆனால் 2005-க்குள் வாயு ஏகமாகப் பெருகியிருந்தது. உடம்பு இளைக்க வேண்டியவர் தீபாவளிக்கு மறுநாள் எடை பார்த்து, அதிலிருந்து கணக்கைத் தொடங்குவது போன்ற சாமர்த்தியம் இது. அந்தப் பதினேழைக் குறைத்தாலும் 1990-ம் ஆண்டு அளவைவிடச் சற்றே அதிகமாகத்தான் நிற்கும். அதுவும் கைகூடவில்லை, கொரோனாவினால் காரும் விமானமும் முடங்கிக் கிடந்த 2020-ல்கூட.

நடுவே எதிர்க் கட்சிகள் 2007-ல் ஒரு சட்டம் செய்து, கியோட்டோவை நிறைவேற்றித் தீர வேண்டும் என்றன. சர்க்கார் செய்யவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். இது கோர்ட்டு தீர்க்கக்கூடிய விஷயமல்ல என்று 2008-ல் சமஷ்டி நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசிக் காட்சி 2011 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் தொடங்குகிறது. சுற்றுச்சூழல் மந்திரி பீட்டர் கென்ட் பேச எழுந்தார். அவர் ஒரு காலத்தில் டெலிவிஷனில் செய்தி சொல்லிப் பேரெடுத்தவர். அவர் பேச ஆரம்பித்ததும் கனடாவைச் சேர்ந்த வாலிபர்கள் ஆறு பேர் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். காவலர்கள் வெளியேற்றினார்கள். மந்திரி ஊர் திரும்பியவுடன், டிசம்பர் 12-ம் தேதி, கனடா கியோட்டோவை விட்டு விலகுகிறது என்று அறிவித்தார். கனடாவைப் பொறுத்தவரை கியோட்டோ முடிந்துபோன சங்கதி என்றார். வாக்கை நிறைவேற்றுவதானால் பிற நாடுகளிடமிருந்து உரிமைச் சீட்டுகளை வாங்க 1,400 கோடி டாலர் ஆகும், குடும்பத்துக்கு 1,600 டாலர் விழும் என்று ஒரு கணக்கும் சொன்னார்.

இங்கே தேதிகளைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையின் 27-வது ஷரத்துப்படி, விலகல் நோட்டீஸ் கொடுத்து ஓராண்டு கழித்துத்தான் விலகல் செல்லுபடியாகும். கனடாவின் நோட்டீஸ் 2011 டிசம்பர் 15-ம் தேதி சேர்ந்தது. ஆகவே 2012 டிசம்பர் 15-ல் கனடா வெளியே வந்தது. கியோட்டோவின் முதல் தவணை முடியும் நாள் 2012 டிசம்பர் 31. பாக்கி பதினாறு நாள்! ஐந்து வருஷக் கணக்கில் நாலு வருஷம் பதினொன்றரை மாதம் பந்தியில் உட்கார்ந்திருந்துவிட்டு, இலை எடுக்கும் சமயத்தில் எழுந்து போனது போலாயிற்று. 2007-ம் ஆண்டுச் சட்டத்தை, நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு பட்ஜெட் மசோதாவுக்குள் வைத்து ரத்துச் செய்தார்கள். தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

ஹார்ப்பரின் மேல் கோபம் வருவது இயற்கை. எனக்கும் வந்தது. ஆனால் கதாபாத்திரங்களை எடைபோடும் பழக்கத்தினால் சொல்கிறேன்: இந்தக் கதையில் அதிகம் கெடுதல் செய்தவர் உடைத்தவர் அல்ல. உடைக்கப் போகிறேன் என்று அவர் முன்பே சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். கைதட்டலுக்கு நடுவே கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டு வருஷம் ஒரு செங்கல்லையும் நகர்த்தாமல் இருந்தவர்கள்தான் வாக்கை உள்ளேயே உளுத்துப் போகச் செய்தார்கள். அவர் வந்து தொட்டார், விழுந்தது.

அதே தேசத்தில் காப்பாற்றப்பட்ட வாக்கும் ஒன்று உண்டு. ஒண்டாரியோ மாகாணம் 2003-ல், நிலக்கரி மின்நிலையங்களை 2007-க்குள் மூடுவதாகச் சொன்னது. தவணை தப்பியது. மறுபடியும் தப்பியது. பத்திரிகை ஆசிரியரிடம் 'அடுத்த வாரம் நிச்சயம்' என்று சொல்லியே காலம் தள்ளுகிற என்னைப் போன்றவர்கள் இதற்காக யாரையும் ஏசுவதற்கில்லை. ஆனால் 2013 கடைசியில் ஏரிக்கரையில் இருந்த நாண்டிகோக் என்ற மாபெரும் நிலையம் நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது. 2014 ஏப்ரலில் கடைசி நிலையமும் நிறுத்தியது. டொராண்டோவின் கோடை நாட்களில் புகைமூட்டம் ஜனங்களின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் பேசினார்கள். அணுமின்சாரம் பதிலுக்குக் கைவசம் இருந்தது. எரிவாயுவும் இருந்தது. எந்தக் கட்டடத்தை எந்த நாளில் மூடுவது என்று காட்டிச் சொல்ல முடிந்தது. மாண்ட்ரீல் ஓசோன் உடன்படிக்கை நிலைத்ததற்கும் காரணம் ஏறக்குறைய இதுதான்: அந்த ரசாயனங்களைச் செய்தவை சில கம்பெனிகள், மாற்றுப் பொருள் கண்ணில் தெரிந்தது, ஏழை நாடுகளுக்குச் செலவுக்குப் பணமும் ஒதுக்கினார்கள். தார் மணலுக்கு இப்படி மாற்று ஒன்றும் யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

பாரிஸ் உடன்படிக்கை வந்தது. புதிய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2019 முதல் கரிக்கு விலை வைத்தார்; வசூலில் பெரும் பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார். பாங்கிக் கணக்கில் வந்து விழுந்த அந்தப் பணம் எதற்காக வருகிறது என்று பலருக்குத் தெரியவே இல்லை. பெட்ரோல் விலையில் வரி ஏறியதுமட்டும் தெரிந்தது. 2023 அக்டோபரில், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மூன்று வருஷம் வரிவிலக்கு என்றார்கள். அந்த எண்ணெயை அதிகம் எரித்தவர்கள் அட்லாண்டிக் கரை மாகாணத்தவர். ஆளும் கட்சிக்கு அங்கே நிறைய ஸ்தானங்கள் இருந்தன. மேற்கு மாகாணங்களுக்கும் சலுகை வேண்டுமானால் எங்கள் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற தோரணையில் ஒரு மந்திரி டெலிவிஷனில் பேசியும் விட்டார்! அன்றைக்கே அந்த வரிக்கு ஆயுசு எண்ணப்பட்டுவிட்டது. 2025 மார்ச் 14-ம் தேதி பிரதமராகப் பதவியேற்ற மார்க் கார்னி, அதே நாளில் ஜனங்கள் மீதிருந்த அந்த வரியை நீக்கக் கையெழுத்திட்டார். அதற்கு முன்பு அவர் பருவநிலை நிதி விவகாரத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் விசேஷத் தூதராக இருந்தவர். பெரிய ஆலைகளுக்கு உள்ள விலையை அவர் நீக்கவில்லை.

இதற்கிடையே 2016 மே மாதம் காட்டுத்தீ வந்து, தார் மணல் தொழிலின் தலைநகரான ஃபோர்ட் மக்மர்ரியிலிருந்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். 2021 ஜூன் 29-ல் மேற்குக் கோடியில் லிட்டன் என்ற சிறு கிராமத்தில் 49.6 டிகிரி வெயில் அடித்தது. மறுநாள் கிராமமே எரிந்துபோயிற்று. இரண்டு பேர் மாண்டார்கள்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2001 ஜூலையில், டொராண்டோவின் வானளாவிய சி.என். கோபுரத்தின் மேல் இரண்டு பேர் ஏறி, கனடாவும் புஷ்ஷும் பருவநிலையைக் கொல்கிறார்கள் என்று ஒரு பெரிய துணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவன் கில்போ இருபது வருஷம் கழித்து அதே தேசத்தின் சுற்றுச்சூழல் மந்திரியானார். கார்னியின் மந்திரி சபையிலும் வேறு இலாகாவோடு இருந்தார். 2025 நவம்பர் 27-ம் தேதி கார்னியும் ஆல்பர்ட்டா மாகாணமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: எண்ணெய்த் தொழிலின் வாயுவுக்கு உச்சவரம்பு கிடையாது, மேற்குக் கடற்கரைக்குப் புதிய எண்ணெய்க் குழாய்க்கு ஆதரவு உண்டு, பதிலுக்கு ஆலைகள் கட்டும் கரி விலையை மாகாணம் உயர்த்தும் என்று. கில்போ அன்றே மந்திரி பதவியை ராஜினாமாச் செய்தார். பார்லிமெண்ட் அங்கத்தினர் ஸ்தானத்தை மட்டும் விடவில்லை.