ஸ்கீட் சுடுதலில் போரும் சோக்கும்

ஸ்கீட் என்பது இரு கோபுரங்களிலிருந்து எதிரெதிராகப் பறக்கும் தட்டுகளை ஷாட்கனால் உடைக்கும் போட்டி. எட்டு நிலைகளில் நின்று சுடுவார்கள். பெரும்பாலான தட்டுகள் ஏறத்தாழ 20 மீட்டர் தூரத்தில் உடைகின்றன. துப்பாக்கியின் போர் (குழலின் உள்ளகலம்), சோக் (குழல்முனைக் குறுக்கம்) இரண்டையும் தீர்மானிப்பது இந்தக் குறுகிய தூரமே.

வரலாறு

அமெரிக்காவின் ஆண்டோவரில் 1920ஐ ஒட்டி, சார்லஸ் டேவிஸ் பறவை வேட்டைக்குப் பயிற்சியாக, கடிகார முகம்போல் வட்டமாக 12 நிலைகள் அமைத்துச் சுட்டார். 1923இல் வில்லியம் ஃபாஸ்டர் எதிர்ப்புறம் இரண்டாவது எறிபொறியை வைத்து வட்டத்தைப் பாதியாக்கினார். 1926இல் ஸ்கீட் என்ற பெயர் வந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெற்றது.

போர்

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர்: சுமார் 18.5 மி.மீ. எண் கூடக் குழல் சிறுக்கும். 20 போர் 15.6 மி.மீ. அமெரிக்க ஸ்கீட்டில் 12, 20, 28 போருக்கும் .410 அங்குலக் குழலுக்கும் தனித்தனிப் போட்டிகள் உண்டு. 12 போர் தோட்டாவில் 32 கிராம் வரை ரவை (சிறு குண்டுகள்) இருக்கலாம்; .410இல் 14 கிராம்தான். 2 மி.மீ. ரவையானால் முன்னதில் சுமார் 660, பின்னதில் சுமார் 290. ரவை குறைந்தால் வீச்சில் இடைவெளி விழும். குறி சற்றே பிசகினாலும் தட்டு தப்பிவிடும். ஒலிம்பிக்கில் 24 கிராம் தோட்டாவே வழக்கம். துப்பாக்கிக் குழல் 12 போரைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது.

சோக்

ஸ்கீட் சோக் குழல்முனையைச் சுமார் 0.13 மி.மீ. மட்டுமே குறுக்கும்; ஃபுல் சோக் ஏறத்தாழ 1 மி.மீ. குறுக்கும். இறுக்கமான சோக்கில் ரவைக் கூட்டம் 20 மீட்டரில் இன்னும் விரிந்திருக்காது. தட்டில் பட்டால் பொடியாகும், ஆனால் படுவது அரிது. திறந்த சோக்கில் கூட்டம் விரிந்து, சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும்.

டிராப் போட்டியில் தட்டு சுடுபவரை விட்டு விலகி ஓடுவதால் இறுக்கமான சோக்கே உதவும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் (2023) புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் இடம்பெற்ற இந்திய அணி டிராப்பில் தங்கம் வென்றது. ஸ்கீட்டில் அனந்த்ஜீத் சிங் நருகா வெள்ளி வென்றார்.

மலேசியா

1998 காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் லங்காவியில் நடந்தன. ஜொகூரின் கூலாய் உட்பட நாட்டில் எங்கு ஷாட்கன் வைத்திருப்பதற்கும், போர் எதுவாயினும், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம்.