முழங்காற்குழியும் நரம்பு என்னும் சொல்லும்

மட்டக்களப்பு வாவியில் இரவெல்லாம் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசிய மீனவன், விடியற்காலையிற் கரையேறியதும் காலை நீட்டமாட்டாது மணலில் அமர்ந்துவிடுவதுண்டு. தொடையின் பின்புறத்திலிருந்து முழங்காலின் மடிப்பு வரையிற் கையால் நீவிக்கொண்டு, "நரம்பு இழுத்துப் போட்டுது" என்பான். சூழ நிற்பவர் யாவருக்கும் அது விளங்கும். வைத்தியர் மட்டும் மறுபடியும் வினவவேண்டியவராகிறார். மீனவன் நரம்பு என்று சுட்டியது எதனை?

உடலில் இவ்வினாவுக்கு விடை காண்பது மிகக் கடினமாயுள்ள இடங்களுள் முழங்காலின் பின்புறமும் ஒன்று. நாம் அமரும்போது உடற்பாரத்தைத் தாங்கும் இடுப்பெலும்பின் முனையிலிருந்து மூன்று தசைகள் தொடையின் பின்னே இறங்குகின்றன. அவற்றுள் இரண்டு உட்புறமாகச் சென்று கணைக்காலின் பெரிய எலும்பைப் பற்றுகின்றன. மூன்றாவது, இருதலை உடையது. வெளிப்புறமாகச் சென்று சிறிய எலும்பின் தலையைப் பற்றுகின்றது. முழங்காலை மடக்கி இருபுறமும் தொட்டுப் பார்த்தால் முறுக்கிய கயிறு போல் விரலில் தட்டுப்படுவன இத்தசைகளின் நாண்களே. இந்நாண்களுக்கிடையே, கீழே கெண்டைக்காற் சதையின் இரு தலைகளும் எல்லையாக அமைய, சாய்சதுர வடிவில் ஒரு குழி உண்டு. (கெண்டைக்கால் என்று பெயரிட்டவன் மீனை நன்கு அறிந்தவன். இலத்தீனியர் தசையைச் சுண்டெலி என்றனர், கெண்டையே பொருத்தமானது.) அக்குழியினுள் தோலுக்கு அண்மையில் நரம்பும், அதன் கீழே குருதியை மீளக் கொணரும் நாளமும், எல்லாவற்றிற்கும் ஆழத்தில், எலும்பை ஒட்டினாற்போலக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடியும் அமைந்துள்ளன.

நாண், நரம்பு, நாளம், நாடி ஆகிய நான்கும் ஒரு கையகல இடத்துள் நெருங்கிக் கிடக்க, தமிழ் வழக்கு நான்கையும் நரம்பு என்ற ஒரே சொல்லால் வழங்கி வந்தது. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. அத்தந்தியில் எழும் சுரமும் நரம்பு. இது தமிழின் குறையெனக் கருதுவோர் கிரேக்க மொழியையும் நோக்குதல் வேண்டும். அம்மொழியில் நியூரோன் என்பது முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்த சொல். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலே ஈரோபிலசும் எராசிசுத்திராத்தசும் பிணங்களை அறுத்து ஆராய்ந்த பின்னரே, உணர்ச்சியைக் கொண்டுசெல்வது வேறு, எலும்பை இழுப்பது வேறு எனத் தெளிவாயிற்று. நம் நாட்டில் சுசுருதர் 700 சிரைகளும் 900 சினாயுக்களும் 24 தமனிகளும் எண்ணினார். முழங்காலை 107 மருமங்களுள் ஒன்றாக வைத்து, அங்கு அடிபட்டால் முடம் நேரும் என்றார்.

பெயர் பிரிந்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. முழங்காற்குழியிலுள்ள நாடி வீங்கிப் புடைக்கும் நோய்க்கு முற்காலத்தில் காலையே துண்டித்தல் வழக்கம். 1785 இல் இலண்டனிலே யோன் அண்டர் என்னும் சத்திரவைத்தியர், வண்டியோட்டி ஒருவனது வீக்கத்தைத் தீண்டாமல், அதற்கு மேலே தொடையின் நடுவில் நாடியைக் கட்டினார். பக்கக் கிளைகளின் வழியே குருதி ஓடியது. ஏறக்குறைய ஆறு கிழமைகளில் அவன் இரு கால்களுடனும் வெளியேறினான். நாடி எது, அருகே கிடக்கும் நாளம் எது, நரம்பு எது என்று ஐயமறத் தெரியாதவன் கையில் அக்கத்தி என்ன செய்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய கல்வியைத் தமிழிலே புகட்டலாம் எனத் துணிந்தவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிலைகொண்டு, 60 க்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம் 1867 இலும், கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் வெளிவந்தன. பொருத்தமான தமிழ்ச்சொல் உளதாயின் அதனைக் கொள்க, இன்றேல் வடசொல், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுக என்பது அவர் கைக்கொண்ட நெறி. தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டும் என விரும்பிய அவர் 1884 இல் மறைந்தார். அவர் தொடங்கிய தமிழ் வைத்தியக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. இழப்பு சிறிதன்று.

கிறீன் வாழ்ந்த அதே மானிப்பாயில், 1920 இல், இந்துக் கல்லூரியின் அதிபராக அமர்ந்தவர் மட்டக்களப்பு நாட்டின் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார். பின்னாளில் விபுலாநந்த அடிகளாகிய அவர் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதருமாவர். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938 இல் வெளிவந்தது. யாழின் நரம்புகளை ஆண்டுக்கணக்காக எண்ணி அளந்து 1947 இல் யாழ்நூலை வெளியிட்டவரும் அவரே. நரம்பு என்னும் சொல்லின் பொருள்களை அவரைப் போல் இருபுறத்தும் நின்று அறிந்தவர் அரியர்.

இன்று இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம், நரம்பு எனப் பிரித்து வழங்குகின்றன; தமிழகத்து நூல்கள் தமனி, சிரை என்கின்றன. கடலைக் கடந்தால் சொல்லும் மாறுகின்றது. மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் முழங்காற்குழியை ஆங்கிலத்திற் கற்கின்றனர். விடுதியிற் படுத்திருக்கும் வாவி மீனவன் நரம்பு என்றே சொல்கிறான். மாணவன் அவன் முழங்காலைச் சற்றே மடக்கி, இருபுறத்து நாண்களையும் தொட்டு, நடுவே விரலை ஆழ அழுத்தி நாடித் துடிப்பைத் தேடியபடி, "எந்த இடத்தில், ஐயா?" என்று கேட்கிறான்.